இருமல் கேட்ட வீடு

தம்பி,

நேற்று நீ தொலைபேசியை வைத்ததும் உன் அம்மா, "என்னவாம்?" என்று கேட்டார். "வீடு சரிவந்திட்டுதாம்" என்றேன். மிச்சத்தைச் சொல்லவில்லை. அட்லிஸ்வில்லில் நீயும் நீ கட்டப்போகிற நிரோவும் பார்த்து வைத்திருக்கிற வீட்டின் கீழ்த்தட்டில் ஒரு வயதான மனுசி இருக்கிறார், சாகும்வரை அங்கே இருக்க அவருக்கு எழுத்தில் உரிமை இருக்கிறது, அதனால்தான் வீடு மலிவு என்பதுதான் அந்த மிச்சம். அதைச் சொல்லிவிட்டு, "எண்பத்தாறு வயசப்பா, இன்னும் எத்தினை நாளைக்கு?" என்று நீ சிரித்தாய். திங்கட்கிழமை நொத்தாரிசிடம் கையெழுத்து என்றாய். நான் "ஓம், ஓம்" என்று மட்டும் சொல்லி முடித்துவிட்டேன். உன்னோடு வாயால் வெல்ல எனக்கு ஏலாது. நீ கலியாணத்துக்கு முதலே வீடு வாங்கிவிட வேண்டும் என்று ஓடுகிறாய், ஓடுகிறவனை மறித்துக் கதைத்தால் அவனுக்குக் கோபம்தான் வரும். கடிதத்தை மறித்துக் கதைக்க முடியாது. ஆகவே எழுதுகிறேன். திங்கட்கிழமைக்கு முன் உன் கைக்கு வரும். ஒரே மூச்சில் வாசி.

வீடு வாங்குவதைப் பற்றிப் புத்தி சொல்ல வந்த அப்பா சொந்த வீடே இல்லாதவர் என்று நீ நினைப்பாய். நினைத்துக்கொள். எம்மன்புரூக்கேயில் அதே வாடகை வீட்டில், அதே பிசுபிசுத்த படிக்கட்டில்தான் இன்னும் ஏறி இறங்குகிறேன். ஆனால் தொண்ணூற்றைந்தாம் ஆண்டு இலையுதிர் காலம் முழுக்க நானும் அம்மாவும் சனிக்கிழமை தவறாமல் வீடு பார்க்கப் போனோம். நீ அப்போது சூரிச்சில் படித்துக்கொண்டிருந்தாய். சோதனைக் காலத்தில் உன்னைக் குழப்ப வேண்டாம் என்று சொல்லவில்லை, பிறகு அதைப் பற்றி வாயைத் திறக்க இரண்டு பேருக்கும் மனம் வரவில்லை. இங்கே இருக்க நிரந்தர அனுமதி கையில் கிடைத்த புதிது. வீடு வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவர் அம்மாதான். காரணம், மீன். எங்கள் சட்டியில் மீன் விழுந்த கையோடு மேல்வீட்டுக்காரி யன்னலை அடித்துச் சாத்துவது உனக்கும் தெரியும். "மீனைப் பயந்து பயந்து பொரிக்கிற சீவியம் எனக்குப் போதும்" என்று சொல்லி, அம்மா பேப்பரில் வீட்டு விளம்பரங்களை வெட்டத் தொடங்கினார். மன்னார்க் கடற்கரையில் பிறந்த மனுசிக்கு அது சின்னக் காரணம் இல்லை.

சனிக்கிழமை பின்னேரம் கதவு திறந்திருக்கும், விரும்பியவர்கள் வந்து பார்க்கலாம் என்று போட்டிருப்பார்கள். ஆரம்பத்தில் எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பூசைக்குப் போகிற உடுப்போடு போனோம். தரகர் கொடுத்த கோப்பியைக் குடித்தோம், "வடிவான வீடு" என்று சொல்லிவிட்டு வந்தோம். பெண் பார்க்கப் போன இடத்தில் பலகாரத்தை மட்டும் சாப்பிட்டுவிட்டு வந்த கதைதான். பட்டுத்தான் படித்தோம். ஒரு வீட்டில் பட்டப்பகலில் எல்லா விளக்கும் எரிந்தன. அம்மா வீட்டுப் பழக்கத்தில், கரண்ட் வீணாகிறதே என்று ஒன்றொன்றாக அணைத்துக்கொண்டு போனார். குசினிக்கு வந்தபோது வீடு கிணற்றின் உள்பக்கம் போல இருண்டு கிடந்தது. பின்பக்கத்து மலை கார்த்திகை தொடங்கினால் மாசி வரை வெயிலை விடாதாம். அன்றிலிருந்து எந்த வீட்டிலும் விளக்கை அணைத்துப் பார்ப்பேன். இன்னொரு வீட்டில் நிலத்துக்குக் கீழே இருக்கிற கெல்லரின் ஒரு சுவருக்கு மட்டும் புதுப்பூச்சு. கையை வைத்தேன், ஈரம். சப்பாத்தைக் கழற்றாமல் உள்ளே போகலாம் என்று தரகர்கள் பெருந்தன்மையாகச் சொல்வார்கள். நீ கழற்று. நாங்கள் கழற்றியே பழகியவர்கள். எந்த இடத்தில் தரை குளிர்கிறது, எங்கே பலகை அமுங்குகிறது என்று உன் அளவுநாடா சொல்லாததை உள்ளங்கால் சொல்லும். நேரத்துக்கு முன்னமே போய் வெளியே ஒரு சுற்றுச் சுற்று. உள்ளே போனால் கடைசி ஆளாக வெளியே வா. கூட்டம் இருக்கும்போது வீடு நடிக்கும். அதற்குப் பிறகு, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு வேலைநாளில் இன்னொரு முறை போ. இந்தக் கடைசிப் புத்தியை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நான் சொல்லப் போகிற வீட்டில் கிடைத்தது அது.

ஆட்கள் இருக்கிற வீட்டை ஆட்கள் இல்லாத நேரத்தில் பார்ப்பது ஒரு மாதிரியான காரியம், தம்பி. நீயும் உணர்ந்திருப்பாய். கிளாசில் பல்துலக்கி இருக்கும், தலையணையில் தலை அமுங்கிய பள்ளம் இருக்கும், முன்பின் தெரியாதவர்கள் அலுமாரியைத் திறந்து மூடிக்கொண்டு போவார்கள். எல்லோரும் செத்தவீட்டுக்கு வந்தவர்களைப் போல மெல்லக் கதைப்பார்கள். அம்மாவுக்கு அது பிடிப்பதே இல்லை. அதனால்தான் அந்த வீட்டு விளம்பரப் படத்தில் மேல்மாடி யன்னலில் திரைச்சீலையையும் பூச்சட்டியையும் கண்டவுடன், முதல்நாளே இறைச்சி வாங்கி ரோல்ஸ் சுற்றத் தொடங்கிவிட்டார்.

"என்னப்பா இது, ஆருக்கு?" என்று கேட்டேன்.

"அந்த வீட்டிலை ஆக்கள் இருக்கினம். வெறுங்கையோடை போறதோ?"

"வீடு பாக்கப் போறம். விருந்துக்கில்லை."

"கதவைத் திறந்து வைச்சு வாங்கோ எண்டு பேப்பரிலை போட்டிருக்கினம். வேறை எப்பிடிக் கூப்பிடுறது, வெத்திலை வைச்சோ?"

அம்மாவோடு வாதாடி நான் வென்றதாக உனக்கு நினைவிருந்தால் எனக்கும் சொல். ரோல்ஸ் பிஸ்கற் ரின்னில் அடுக்கப்பட்டது. நான் அதை மடியில் வைத்துக்கொண்டு, மணம் வெளியே வராமல் கோட்டால் மூடிக்கொண்டு, தபால் பஸ்ஸில் கடைசித் தரிப்பு வரை போனேன். வழி முழுக்கப் பனிப்புகார். பஸ் எங்களை இறக்கிவிட்டுத் திரும்பியது, அதன் மஞ்சள் நிறம் ஒரு கணத்தில் காணாமல் போனது. முன்னால் போகிற அம்மாவின் சேலைக்கரை மட்டும் தெரிந்தது. அந்த வீட்டை நாங்கள் கண்டுபிடித்தது கண்ணால் அல்ல. மெதுவான பேச்சுச் சத்தம் கேட்டது, அதைப் பிடித்துக்கொண்டு போனோம். பத்துப் பன்னிரண்டு பேர் கதவு திறப்பதற்காக முற்றத்தில் நின்றார்கள். எல்லோரும் ஒரு பக்கமாக அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். நானும் பார்த்தேன். மேல்மாடியில் ஒரு யன்னலில் மட்டும் வெளிச்சம் இருந்தது.

தரகர் ஒரு இளம்பெண். ரோல்ஸ் ரின்னைக் கண்டதும் திகைத்துப் போனாள், பிறகு கேக்குக்குப் பக்கத்தில் வைத்தாள். வீட்டைப் பற்றி அவள் டொச்சில், அதுவும் ஊர்ப் பேச்சு ஜேர்மனில், கடகடவென்று ஏதோ சொன்னாள். நாங்கள் இரண்டு பேரும் "யா, யா" என்று தலையாட்டினோம். விளங்காததற்குத் தலையாட்டுவது அகதியாக வந்தவனின் வியாதி. பொலிசில் ஆட்டி, வேலையில் ஆட்டி, கழுத்து அதற்கென்றே பழகிவிடும். உனக்கு டொச் தண்ணீர்பட்ட பாடு, ஆனாலும் சொல்கிறேன், வீடு வாங்கும் இடத்தில் மட்டும் தலையாட்டாதே. அவள் அன்று சொன்னதில்தான் எல்லாம் இருந்தது.

நல்ல வீடு. பொய் சொல்லமாட்டேன். மரத்தரை சூடாக இருந்தது, குழாயில் தண்ணீர் வேகமாக வந்தது, குசினி யன்னலைத் திறந்தால் வெறும் புல்வெளி, மீன் மணம் போய் முட்டுவதற்கு ஒரு சுவர்கூட இல்லை. அம்மா அந்த யன்னலடியை விட்டு நகரவேயில்லை. விலையோ நாங்கள் பார்த்த மற்ற வீடுகளோடு சேர்த்துப் பார்க்கவே முடியாத அளவுக்குக் குறைவு. ஆனால் வந்திருந்த மற்றவர்கள் யாரும் குழாயைத் திறக்கவில்லை, சுவரைத் தட்டவில்லை, கெல்லருக்கு இறங்கவில்லை. கீழ் மண்டபத்தில் கோப்பியைக் கையில் வைத்தபடி சும்மா நின்றார்கள். எதற்காகவோ காத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது, எதற்கென்று தெரியவில்லை. அப்போது மேலே யாரோ இருமினார்கள். நெஞ்சின் அடியிலிருந்து வந்த, நீளமான, ஈரமான இருமல். உடனே மண்டபத்தில் கரண்டிச் சத்தம்கூட நின்றது. எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். இருமல் அடங்கியது. மறுபடி பேச்சு ஆரம்பித்தது, முன்னையிலும் கொஞ்சம் உற்சாகமாக. பிள்ளைத்தாச்சிப் பெண் ஒருத்தி தன் புருசனின் கையைப் பிடித்து அழுத்தியதைக் கண்டேன். அவள் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு.

மேலே போனோம். நடையில் மூன்று கதவுகள் திறந்திருந்தன, நான்காவது பூட்டியிருந்தது. அது என்ன அறை என்று தரகரைக் கேட்டேன். நான் கேட்டது காதில் விழாதவள் போலக் குரலை உயர்த்தி, குளியலறை ஓடு புதியது என்று சொல்லிக்கொண்டே கடந்து போனாள். அவளுக்குப் பின்னால் போனவர்கள் அந்தக் கதவருகில் வந்ததும் மெதுவாக நடந்தார்கள். ஒரு சீமாட்டி காதைக் கதவுக்குக் கிட்டக் கொண்டுபோனாள். உள்ளே மறுபடி இருமல். அவள் திருப்தியோடு தலையை ஆட்டிக்கொண்டு இறங்கிப் போனாள்.

அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார். "உள்ளுக்கை ஒரு மனிசன் இருக்கிறான். சுகமில்லாத மனிசன். ஒருதரும் ஒரு வாய்த் தண்ணி வேணுமோ எண்டு கேக்கேல்லை. எல்லாரும் கோயில் மணி கேட்ட மாதிரிக் கேட்டுக்கொண்டு போகினம்" என்றார். பிறகு விறுவிறுவென்று கீழே போய், ஒரு தட்டில் இரண்டு ரோல்சோடு வந்து, பூட்டிய கதவை மெல்லத் தட்டினார். பதில் இல்லை. தட்டைக் கதவடியில் வைத்தார். கொஞ்ச நேரம் நின்றோம். உள்ளே மூச்சுச் சத்தம்கூட இல்லை. கதவுக்கு அந்தப் பக்கமும் ஒருவர் எங்களைப் போலவே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்று எனக்குப் பட்டது. கூச்சம் வந்து மற்ற அறைக்குள் போய்விட்டோம். திரும்பி வந்தபோது தட்டு அங்கேயே இருந்தது, ரோல்ஸ் இல்லை. கதவு முன்போலப் பூட்டியபடி. அதன்பின் நாங்கள் கடைசி ஆட்களாக வெளியே வரும்வரை அந்த வீட்டில் இருமல் கேட்கவேயில்லை. மற்றவர்கள் கொஞ்சம் ஏமாந்தவர்கள் போலக் கூரையைப் பார்த்தபடி விடைபெற்றுப் போனார்கள்.

உன் படிப்புக்கு இதெல்லாம் வேடிக்கையாக இருக்கும். எனக்கு அந்தக் கிழமை முழுக்க வேலையில் கை ஓடவில்லை. பேய் பிசாசு என்று நான் நினைக்கவில்லை, பேய்க்கு ரோல்ஸ் எதற்கு. என்னைப் பிடித்து ஆட்டியது அந்தச் சனங்களின் முகம். அம்மாவோ குசினி யன்னலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். ஒரு வேலைநாளில் அரைநாள் லீவு எடுத்தோம். தரகருக்குச் சொல்லவில்லை. அன்றும் புகார், போன தடவையிலும் மோசம். வீட்டு ஒழுங்கையில் திரும்பியபோது கோடரிச் சத்தம் கேட்டது. யாரோ விறகு கொத்துகிறார்கள். ஒவ்வொரு வெட்டும் ஓங்கி, நிதானமாக, இளந்தாரி கொத்துவது போல விழுந்தது. நாங்கள் சரளைக்கல்லில் கால் வைத்தோம், கல் நெரிந்தது. கோடரி நின்றது. பிறகு அந்தப் புகாருக்குள்ளிருந்து, எங்களுக்குப் பக்கத்திலேயே, அதே இருமல் தொடங்கியது. நீளமான, ஈரமான, நெஞ்சின் அடியிலிருந்து வருகிற இருமல். நான் அப்படியே நின்றுவிட்டேன். எனக்கு வந்த பயத்தை உனக்கு மறைக்க ஒன்றுமில்லை, அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டேன்.

அம்மாதான் கிட்டப் போனார். கொத்துக்கட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிழவர் குனிந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். சட்டைக்கை முழங்கைக்கு மேல் மடித்திருந்தது, வேர்த்திருந்தார், கன்னம் அப்பிள் போலச் சிவந்திருந்தது. அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். சேலையைப் பார்த்தார். இருமல் பாதியில் நின்றது. "அந்த உறைப்புப் பலகாரம்" என்றார். பிறகு கோடரியைக் கட்டையில் குத்தி வைத்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

அவர் பெயர் செப். யோசேப்பு என்பதன் சுருக்கம். எங்கள் ஊரில் சூசை என்போம். அவர் சொன்னதை எனக்கு விளங்கிய மட்டில் எழுதுகிறேன். வீடு அவருடைய தமையனுடையது. தமையன் செத்ததும் அது தமையன் மகளுக்குப் போனது. ஆனால் இவருக்கு மேல்மாடி அறையில் சாகும்வரை இருக்க உரிமை உண்டு. இங்கே அதை வோன்ரெக்ட் என்கிறார்கள், வீடு யார் கைக்குப் போனாலும் அந்த உரிமை கூடவே போகும். அவர் பிறந்ததும் அதே அறையில்தான். அந்த மகள் வீட்டை விற்கப் பார்த்தாள். வந்தவர்கள் இவர் முற்றத்தில் விறகு கொத்துவதைக் கண்டார்கள், திரும்பிப் போனார்கள். ஒருவர் வந்து கட்டிலில் உட்கார்ந்து, இவர் கணுக்கால் வீங்கியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தாராம். அதன்பிறகு, வீடு காட்டுகிற நாட்களில் அறையைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருங்கள், இடைக்கிடை கொஞ்சம் இருமினால் உதவியாக இருக்கும் என்று அவரிடம் சொல்லப்பட்டது.

"நீங்கள் ஏன் சம்மதித்தீர்கள்?" என்று கேட்டேன்.

"விற்காவிட்டால் அண்ணன் மகள் என்னை முதியோர் இல்லத்துக்குப் போகச் சொல்லி மன்றாடுவாள். பாவம், அவளுக்கும் கஷ்டம். இருமினால் என் அறையில் இருக்கலாம்" என்றார்.

"வந்த ஆட்களுக்கு நீங்கள் உள்ளே இருப்பது தெரியுமா?"

"எல்லோருக்கும் தெரியும். தரகர் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவாள். அவர்கள் வீட்டைப் பார்க்க வரவில்லை. என்னைக் கேட்க வருகிறார்கள்." அம்மாவைப் பார்த்து, "உங்களுக்கு மட்டும் தெரியவில்லை என்று தட்டு வந்தபோதுதான் விளங்கியது. சாப்பிட்டுவிட்டு என்னால் இரும முடியவில்லை" என்றார்.

அவர் கையால் கோப்பி குடித்துவிட்டு பஸ் ஏறினோம். அம்மா யன்னல் பக்கம், நான் நடைப் பக்கம். வெளியே பார்க்க ஒன்றுமில்லை, கண்ணாடி முழுக்க வெள்ளை. நல்ல மனுசன், நாங்கள் வாங்கினால் அவருக்கும் நல்லது, சூடாகச் சோறு கிடைக்கும் என்று நான் சொல்லிக்கொண்டு வந்தேன். பாதி வழியில் வாய் ஓய்ந்தது.

"இஞ்சருங்கோ, என்ன கணக்கு ஓடுது?" என்று அம்மா கேட்டார்.

"ஒண்டுமில்லை."

"அந்த மனிசன்ரை வயசைத்தானே யோசிக்கிறியள்?"

உண்மைதான். எழுபத்தொன்பது என்று சொல்லியிருந்தார். கோடரி பிடிக்கிற கை, ஆனாலும் எழுபத்தொன்பது, குளிர் காலம், வழுக்குகிற படி என்று என் மண்டைக்குள் யாரோ உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தார்கள். அந்த ஆளை நான் கூப்பிடவில்லை, அவனாகவே வந்து உட்கார்ந்தான். கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. மண்டபத்தில் கோப்பியோடு நின்றவர்களின் முகம்தான் அது.

"ஒரு மனிசன் எப்ப சாவான் எண்டு பாத்துக்கொண்டிருக்கிற வீட்டிலை நான் பால் பொங்கவைக்கமாட்டன்" என்றார் அம்மா.

"நாங்கள் அப்பிடி இருக்கமாட்டம்."

"முதல் வருசம் இருக்கமாட்டம். பேந்து கூரை ஒழுகும், உங்களுக்கு வேலை போகும், பிள்ளைக்கு ஒரு தேவை வரும். ஒரு நாளைக்கு அவர் கொஞ்சம் பிந்தி எழும்பினால் நான் கீழை நிண்டு என்னத்தை நினைப்பன் எண்டு எனக்குத் தெரியும். எனக்கு என்னைத் தெரியும். வேண்டாம். மேல்வீட்டுக்காரி யன்னலை அடிச்சுச் சாத்தட்டும்."

அதோடு வீட்டுப் பேச்சு முடிந்தது. எனக்கு நீண்ட நாள் கோபம் இருந்தது. இவ்வளவு நல்ல குசினியை ஒரு சொல்லால் தள்ளிவிட்டாளே என்று முணுமுணுத்தபடி திரிந்தேன். வீட்டை அந்தப் பிள்ளைத்தாச்சிப் பெண்ணும் புருசனும் வாங்கினார்கள் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

போன மாதம் செப்பை எம்மன்புரூக்கேயில் கண்டேன். கண் டாக்டரிடம் வந்தவர் பஸ்ஸுக்குக் காத்து நின்றார். வயது எண்பதைத் தாண்டியும் ஆள் நிமிர்ந்தபடிதான். அம்மாவின் பலகாரத்தை விசாரித்தார். வீடு எப்படி என்று நான் கேட்டேன். நல்ல பிள்ளைகள், பனி விழுந்தால் தன் பாதையையும் சேர்த்து வழித்துவிடுகிறார்கள், நத்தார்ப் பண்டிகைக்குக் கேக் தருகிறார்கள் என்றார். பிறகு காலைகளைப் பற்றிச் சொன்னார். கண் விழித்துக் கட்டிலில் கிடக்கும்போது கீழே ஒரு சத்தமும் வராதாம். கோப்பைச் சத்தம் இல்லை, கதிரைச் சத்தம் இல்லை, ரேடியோ இல்லை. அவர்கள் எழுந்திருக்கிறார்கள் என்று கோப்பி மணம் மட்டும் சொல்லும். இவர் காலைத் தூக்கித் தரையில் வைப்பார், பலகை கிறீச்சிடும். அதற்குப் பிறகுதான் கீழே ஒரு கதிரை இழுபடும், கரண்டி விழும், நாள் தொடங்கும். "சில நாட்களில் நான் வேண்டுமென்றே கிடப்பேன். அவர்களும் அப்படியே இருப்பார்கள். முழு வீடும் மூச்சுவிடாமல் இருக்கும்" என்றார்.

அந்தப் பெண்ணுக்குப் பிறந்தது மகள். மூன்று வயது முடிந்துவிட்டதாம். செப்பில் உயிராம், படியில் கண்டால் கையை விடமாட்டாளாம். ஒருநாள் அப்படிக் கையைப் பிடித்து ஏறிக்கொண்டே, "நீ எப்போது சாவாய்? உன் அறை எனக்கு. மஞ்சள் நிறம் அடிக்கப் போகிறோம்" என்று சொல்லியிருக்கிறாள். செப் அவளுக்கு, "இன்னும் கொஞ்ச நாள் பொறு" என்று சொன்னாராம். அதன்பின் விறகு எடுக்கப் போகிற சாட்டில் கெல்லருக்குப் போய்ப் பார்த்தாராம். மஞ்சள் பூச்சு ரின்கள் இருந்தனவாம், திறக்காமல். இதைச் சொல்லும்போதும் அவர் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். பஸ் வந்தது, ஏறிப் போனார். நான் அந்தத் தரிப்பில் நின்றபடியே அடுத்த பஸ்ஸையும் விட்டேன்.

அந்தத் தாய் தகப்பன் கெட்டவர்கள் இல்லை, தம்பி. அப்படிக் கேட்கச் சொல்லி எந்தத் தாயும் பிள்ளைக்குப் பழக்கமாட்டாள். சாப்பாட்டு மேசையில் அவர்கள் சொல்லாமல் விட்டதைப் பிள்ளை கேட்டுவிட்டது, அவ்வளவுதான். உன்னை விட நான் நல்லவன் என்று சொல்ல இதை எழுதவில்லை. பஸ்ஸில் என் மண்டைக்குள் உட்கார்ந்த ஆள்தான் நேற்று உன் சிரிப்புக்குள்ளும் இருந்தான், அவனை எனக்குக் குரலில் தெரியும். இதை வாசித்த கையோடு நிரோவைக் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போ. தரகர் வேண்டாம். அளவுநாடாவும் வேண்டாம். கையில் ஏதாவது தின்னக் கொண்டுபோ. அந்த மனுசியின் வயதைச் சொன்னாய், பெயரைச் சொல்லவில்லை. முதலில் பெயரைக் கேள். உள்ளே கூப்பிட்டால் இருந்து கோப்பி குடி. திரும்பி வரும்போது, இந்த மனுசி நூறு வயது கடந்தும் இருக்கட்டும், அதனால் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை என்று உங்கள் இரண்டு பேருக்கும் மனதாரச் சொல்ல முடிந்தால் கையெழுத்து வை. நானே வந்து பால் பொங்கவைக்கிறேன். இல்லையென்றால் வேண்டாம். அட்லிஸ்வில்லில் அது ஒன்றுதானா வீடு?

மேல்மாடியில் எங்களுக்கும் ஒரு அறை ஒதுக்கியிருக்கிறாய் என்று நேற்றுச் சொன்னாய். வீடு சரிவந்ததோடு அதை மட்டும்தான் அம்மாவிடம் சொன்னேன். அதற்கு என்ன திரைச்சீலை போடலாம் என்று இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டார். எனக்கும் அங்கே வந்து இருக்க ஆசைதான், தம்பி. ஆனால் நாளைக்கு உன் பிள்ளை படியில் என் கையைப் பிடித்துக்கொண்டு என்ன கேட்கும் என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

அப்பா